ராட்சத லாரி வருது... ஒதுங்கி நில்லுங்க! பர்மிட், எஸ்கார்ட் விதிமுறைகள் என்ன சொல்கின்றன?

நெல்லை:

ராத்திரி 11 மணி. காவல்கிணறு விலக்கு. நாகர்கோவில் பக்கம் போக வேண்டிய பஸ் நிற்கிறது. அதன் பின்னால் காய்கறி வேன், அதன் பின்னால் நாலைந்து கார்கள், இடையிலே புகுந்து புகுந்து முன்னால் வந்து நிற்கும் பைக்குகள். என்ன ஏதென்று எட்டிப் பார்த்தால், ரோட்டை அடைத்தபடி ஒரு காற்றாலை இறக்கை திரும்பிக்கொண்டு இருக்கிறது. லாரியின் தலை ஒரு ரோட்டில். வால் இன்னொரு ரோட்டில். மஞ்சள் விளக்கு சுழலும் ஜீப் ஒன்று முன்னால், இன்னொன்று பின்னால். சட்டை பையில் விசிலும் கையில் சிவப்பு விளக்குமாக நாலு பேர் ஓடியாடி வழி காட்டுகிறார்கள்.

தென் மாவட்டத்துக்காரர்களுக்கு இது பழகிப்போன காட்சிதான். முப்பந்தல், ஆரல்வாய்மொழி, பணகுடி பக்கம் காற்றாலை வந்த நாள் முதல் இந்த நீள லாரிகளும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் பஸ்சில் உட்கார்ந்து இருப்பவர்கள் கேட்கும் கேள்வியும் அன்று முதல் மாறவே இல்லை. இவ்வளவு பெரிய வண்டியை ரோட்டில் விட யார் அனுமதி கொடுத்தது? நாம ரெண்டு மூட்டை கூடுதலா ஏத்தினா பிடிக்கிறாங்க, இவங்களுக்கு மட்டும் சட்டம் இல்லையா? நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா யாரு பொறுப்பு?

சட்டம் இருக்கிறது. சாதாரண லாரிக்கு இருப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. அது என்ன சொல்கிறது, எதற்காகச் சொல்கிறது என்று பார்ப்போம்.

சாதாரண லாரிக்கு எல்லைக்கோடு

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் வந்தவை. அதில் 93-வது விதி ஒரு வண்டி எவ்வளவு அகலம், நீளம், உயரம் இருக்கலாம் என்று சொல்கிறது. 2020-ம் ஆண்டு ஜூன் மாதம் இந்த அளவுகள் திருத்தப்பட்டன.

அகலம் 2.6 மீட்டர். அதாவது எட்டரை அடி. சரக்கு வண்டியின் உயரம் 4 மீட்டர், சுமார் 13 அடி. டிரெய்லர் இல்லாத லாரி என்றால் நீளம் 12 மீட்டர். முன்னால் இழுவை வண்டி, பின்னால் டிரெய்லர் என்று மாட்டிய வண்டிக்கு 18.75 மீட்டர், சுமார் 61 அடி. இந்த அளவைத் தாண்டினால் அது அளவு மீறிய சரக்கு. லாரிக்காரர்கள் பாஷையில் 'ஓ.டி.சி. லோடு'.

எடைக்கும் இதேபோல் எல்லை உண்டு. 2018-ம் ஆண்டு ஜூலை மாதம் மத்திய அரசு எடை வரம்பை உயர்த்தியது. நாலு டயர் உள்ள ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன் என்று இருந்தது 11.5 டன் ஆனது. இரட்டை ஆக்சிலுக்கு 19-ல் இருந்து 21 டன். மூன்று ஆக்சிலுக்கு 24-ல் இருந்து 27 டன். ஆறு சக்கர லாரி, வண்டியும் சரக்கும் சேர்த்து சுமார் 18.5 டன் போகலாம். பத்து சக்கர லாரி சுமார் 28 டன். பெரிய டிரெய்லர் வண்டிகளுக்கு உச்ச வரம்பு 55 டன்.

ஆனால் ஒரு விஷயத்தை டிரைவர்கள் மறக்கக் கூடாது. கெஜட்டில் என்ன போட்டிருந்தாலும் உங்கள் வண்டி ஆர்.சி. புத்தகத்தில் என்ன எடை எழுதி இருக்கிறதோ அதுதான் உங்கள் வரம்பு. எடை மேடையில் பிடிபட்டால் அதிகாரி புரட்டிப் பார்ப்பது ஆர்.சி.யைத்தான்.

மொத்த எடை வேறு, ஆக்சில் எடை வேறு

சட்டம் ஏன் ஆக்சில் ஆக்சிலாகக் கணக்குப் பார்க்கிறது?

கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் நீட்டிப் படுத்தால் கட்டில் தாங்கும். அதே ஆள் ஒற்றைக் காலில் எழுந்து நின்றால் கயிறு அறுந்து விடும். ஆள் எடை கூடவில்லை. எடை இறங்கும் இடம்தான் குறைந்து போனது. ரோடும் அந்தக் கட்டில் மாதிரிதான்.

ஒரு ஆக்சிலில் எடை இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு ஆகும் சேதம் இரண்டு மடங்கோடு நிற்பது இல்லை. சுமார் 16 மடங்கு ஆகும் என்பது சாலைப் பொறியாளர்கள் பல பத்தாண்டுகளாக வைத்திருக்கும் கணக்கு. ரோடு போட்ட ஆறு மாதத்தில் பல்லாங்குழி ஆவதற்குக் காண்டிராக்டரை மட்டும் திட்டிப் பயன் இல்லை. அளவுக்கு மேல் ஜல்லி, மணல் ஏற்றிய லாரிகளுக்கும் அதில் பங்கு உண்டு.

இப்போது ராட்சத லாரி கணக்கைப் பாருங்கள். டிரான்ஸ்பார்மர், பாய்லர் மாதிரி பெரிய எடையை ஏற்றும் ஹைட்ராலிக் டிரெய்லரில் ஒரு ஆக்சில் வரிசைக்குப் பொதுவாக 8 டயர். வரிசைக்கு 18 டன் என்று வைத்தால் ஒரு டயருக்கு 2.25 டன். சாதாரண லாரியில் 11.5 டன்னை 4 டயர் சுமக்கிறது. அதாவது டயருக்கு சுமார் 2.9 டன். பார்த்தால் பயமுறுத்தும் அந்த வண்டி, ஒரு டயர் கணக்கில் நம்ம ஊர் லாரியைவிட லேசாகத்தான் ரோட்டை மிதிக்கிறது! அத்தனை சக்கரம் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

அப்புறம் என்ன பிரச்சினை? பிரச்சினை ரோட்டில் இல்லை. பாலத்தில்.

பாலம் தாங்குமா?

ரோடு தரையில் படுத்து இருக்கிறது. பாலம் காலில் நிற்கிறது. ரோட்டுக்கு டயர் எடை முக்கியம் என்றால், பாலத்துக்கு அதன்மேல் ஒரே நேரத்தில் ஏறி நிற்கும் மொத்த எடையும் முக்கியம். அதனால்தான் கனரக சரக்குக்கு அனுமதி கேட்டதும் அதிகாரிகள் முதலில் கேட்பது, வழியில் எத்தனை பாலம் என்பதைத்தான்.

பாலம் கட்டுவதற்கான இந்திய சாலை காங்கிரசின் விதி நூலில் இதற்கென்றே ஒரு சிறப்பு வாகனம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டு இருக்கிறது. இழுவை வண்டியும் 20 ஆக்சில் ஹைட்ராலிக் டிரெய்லரும் சேர்த்து மொத்தம் 385 டன். அப்படிப்பட்ட வண்டி பாலத்தைக் கடக்கும்போது நிபந்தனைகள் கறாரானவை.

பாலத்தின் நடு மையத்தில்தான் போக வேண்டும். மையக்கோட்டில் இருந்து 300 மில்லிமீட்டர், அதாவது ஒரு அடிக்கு மேல் விலகக் கூடாது. வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர். ஆள் நடக்கிற வேகம். அந்த நேரத்தில் பாலத்தில் வேறு ஒரு வண்டிகூட இருக்கக் கூடாது. நடுப்பாலத்தில் பிரேக் அடிக்கக் கூடாது.

ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. ஓரமாகப் போனால் ஒரு பக்க உத்திரம் மட்டும் சுமையைத் தாங்க வேண்டி வரும். நடுவில் போனால் எல்லா உத்திரமும் பங்கு போட்டுக்கொள்ளும். வேகமாகப் போனால் அதிர்ச்சி கூடும். பிரேக் போட்டால் அத்தனை டன்னும் பாலத்தை முன்னால் பிடித்துத் தள்ளும். அது தூண்களுக்குப் போய்ச் சேரும்.

அதனால் ஒரு நெடும்பாலத்தைக் கடக்கப் பத்து நிமிடம் ஆனாலும் ஆகும். அதுவரை இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தி வைக்கிறார்கள். 'ஒரு பைக் போனா பாலம் விழுந்திடுமா' என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு பைக்கால் விழாது. ஆனால் ஒரு பைக்கை விட்டால் அடுத்து ஒரு மினி லாரி வரும், அதன் பின்னாலேயே பஸ் வரும். நம்ம ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

யாருக்கு பர்மிட் கிடைக்கும்?

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் கூடுதல் லோடு ஏற்றலாம் என்று நினைப்பது தப்பு.

சிறப்பு அனுமதி பிரிக்க முடியாத சரக்குக்கு மட்டும்தான். டிரான்ஸ்பார்மரை இரண்டாக வெட்டி இரண்டு லாரியில் ஏற்ற முடியாது. காற்றாலை இறக்கையை அறுத்து ஒட்ட முடியாது. இப்படிப்பட்ட சரக்குக்குத்தான் விதிவிலக்கு. மணல், ஜல்லி, சிமெண்டு, நெல், இரும்புக் கம்பி எல்லாம் பிரித்து ஏற்றக்கூடியவை. அவற்றை வரம்புக்கு மேல் ஏற்றினால் அது ஓவர்லோடு. அதற்கு பர்மிட் கிடையாது, அபராதம்தான்.

கம்பி லாரிகளுக்கு இன்னொரு விஷயம். முன்பு லாரியின் பின்பக்கம் சரக்கு ஒரு மீட்டர் வரை நீட்டிக்கொண்டு இருக்க அனுமதி இருந்தது. நீட்டிய கம்பியில் மோதிப் போன உயிர்கள் கொஞ்ச நஞ்சம் இல்லை. 2014-ல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். கம்பி நுனியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டால் போதும் என்ற காலம் மலையேறிவிட்டது.

அனுமதி வாங்கும் படிகள்

பெரிய சரக்கு கிளம்புவதற்கு வாரக்கணக்கில் முன்னாலேயே வேலை தொடங்கிவிடும். முதல் வேலை வழி பார்ப்பது. ஒரு ஜீப்பில் அளவு டேப்புடன் கிளம்பி, போக வேண்டிய ரோடு முழுக்க ஊர்ந்து பார்ப்பார்கள். எந்த வளைவு திரும்பும், எந்த வளைவு திரும்பாது, எங்கே மரக்கிளை தாழ்ந்து கிடக்கிறது, எங்கே கோவில் வளைவு குறுக்கே நிற்கிறது, எந்த ஊரில் என்று வாரச்சந்தை என எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார்கள்.

அடுத்தது அனுமதி. தேசிய நெடுஞ்சாலைப் பாலங்களில் கனரக சரக்கு போக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்திடம் ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். எத்தனை ஆக்சில், ஆக்சிலுக்கு எவ்வளவு எடை, எந்த வழி என்று எல்லாம் காட்ட வேண்டும். மாநில நெடுஞ்சாலையில் போவதாக இருந்தால் மாநில நெடுஞ்சாலைத் துறை. வண்டி அளவை மீறிப் போக, மாநில அரசு அதிகாரம் கொடுத்த போக்குவரத்துத் துறை அதிகாரியின் விதிவிலக்கு.

ரெயில்வே கேட்டைக் கடக்க வேண்டி இருந்தால் ரெயில்வேயிடம் தனி அனுமதி. மின்சார ரெயில் ஓடும் பாதை என்றால் கேட்டுக்கு இரு பக்கமும் இரும்புச் சட்டம் ஒன்று நிற்கும். அதன் உயரம் சுமார் 4.67 மீட்டர். அதற்குள் அடங்காத சரக்கு என்றால் ரெயில்வே மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் கடக்க முடியும். கம்பியில் ஓடுவது 25 ஆயிரம் வோல்ட். தொட வேண்டும் என்றுகூட இல்லை, பக்கத்தில் போனாலே பாய்ந்து விடும்.

ஊருக்குள் தாழ்வான மின்கம்பி இருந்தால் மின்வாரியத்திடம் சொல்லிப் பணம் கட்டி, அவர்கள் ஆளை வைத்துத்தான் லைனை நிறுத்தவோ தூக்கவோ வேண்டும். காவல்துறைக்கும் தகவல் போக வேண்டும். போலீஸ் பாதுகாப்பு வேண்டும் என்றால் அதற்கும் அரசுக்குக் கட்டணம் உண்டு.

ஒரே ஒரு அனுமதியை வாங்கி வைத்துக்கொண்டு, 'பர்மிட் இருக்கு' என்று கிளம்பி வருவதால்தான் பாதி வழியில் வண்டி நின்றுபோகிறது. தேசிய நெடுஞ்சாலை அனுமதி ஊர் ரோட்டுக்குச் செல்லாது. ஊர் ரோட்டு அனுமதி ரெயில்வே கேட்டுக்குச் செல்லாது.

மூங்கில் கம்பு வேண்டாம்

வழியில் மின்கம்பி குறுக்கிட்டால் லாரி மேல் ஏறி மூங்கில் கம்பால் தூக்கிவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கிளீனர்களும் எடுபிடி வேலைக்கு வந்த பையன்களும்தான் பெரும்பாலும் மேலே ஏற்றப்படுகிறார்கள். காய்ந்த மூங்கில் மின்சாரத்தைக் கடத்தாது என்ற நம்பிக்கை. பனியிலோ மழையிலோ நனைந்த மூங்கில் கடத்தும். 11 ஆயிரம் வோல்ட் லைனுக்கு மூங்கில், ரப்பர் செருப்பு எல்லாம் கணக்கே இல்லை.

கம்பியைத் தொட வேண்டியது மின்வாரிய ஊழியர் மட்டும்தான். அதுவும் லைனை நிறுத்திய பிறகு. முதலாளி அவசரப்படுத்துகிறார் என்பதற்காக எந்தப் பையனும் லாரி மேல் ஏற வேண்டியது இல்லை.

லாரி கம்பியில் உரசி நின்றுவிட்டால், வேடிக்கை பார்க்கப் பக்கத்தில் போகாதீர்கள். வண்டி முழுக்க மின்சாரம் இருக்கலாம். தரையிலும் பரவி இருக்கலாம். கேபினில் இருக்கும் டிரைவர், தீப்பிடித்தால் தவிர, மின்சாரத்தை நிறுத்தும்வரை உள்ளேயே இருப்பதுதான் பாதுகாப்பு. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. அவசர உதவிக்கு 112.

எஸ்கார்ட் எதற்கு?

முன்னாலும் பின்னாலும் போகும் ஜீப்பைப் பார்த்து, ஏதோ அமைச்சர் போகிற மாதிரி பந்தா என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பந்தா இல்லை, அதற்கு வேலை இருக்கிறது.

முன்னால் போகும் பைலட் ஜீப் எதிரே வரும் வண்டிகளை எச்சரிக்கும். குறுகிய பாலம், வளைவு வந்தால் முன்கூட்டியே போய் எதிர்ப்பக்கத்தை நிறுத்தும். உயரமான சரக்கு என்றால் ஜீப்பிலேயே ஒரு கம்பை நட்டு, அந்த உயரம் எங்காவது தட்டுகிறதா என்று பார்த்தபடி போவதும் உண்டு. பின்னால் வரும் வண்டி, வேகமாக வருபவன் நேராக வந்து இறக்கை நுனியிலோ டிரெய்லரிலோ மோதாமல் காக்கும்.

பகலில் சரக்கின் நாலு ஓரத்திலும் சிவப்புக் கொடி, ராத்திரியில் சிவப்பு விளக்கும் ஒளிரும் ஸ்டிக்கரும், பாலத்தில் ஊர்ந்து போகும் வேகம், எந்த நேரத்தில் ஓடலாம், எந்த நேரத்தில் ஓடக் கூடாது என்பதெல்லாம் அனுமதிக் கடிதத்தில் நிபந்தனையாக வரும். ஒன்றை மீறினாலும் அனுமதி இல்லாமல் ஓட்டியதற்குச் சமம்.

நிறுத்துவதிலும் கவனம் வேண்டும். ஓடும்போது ஆகும் விபத்து போலவே, ராத்திரி விளக்கு இல்லாமல் ரோட்டோரம் நிற்கும் டிரெய்லரில் பைக் போய்ச் செருகும் விபத்தும் கொடூரமானது. லாரி நிற்கும் இடத்துக்கு நல்ல தூரம் முன்னாலேயே முக்கோண எச்சரிக்கைப் பலகையும் விளக்கும் வைக்க வேண்டும். நாலு கல்லையும் ஒரு மரக்கிளையையும் போட்டுவிட்டுத் தூங்கப் போவது எச்சரிக்கை ஆகாது.

நீளம் ஒரு தலைவலி, எடை ஒரு தலைவலி

காற்றாலை இறக்கை பார்க்கத்தான் பெரிசு. எடை அவ்வளவு இல்லை. அதன் பிரச்சினை நீளம். 2022-ம் ஆண்டு தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் 81.5 மீட்டர் நீள இறக்கைகள் கப்பலில் ஏற்றப்பட்டன. அடிக் கணக்கில் 267. ஒவ்வொன்றின் எடையும் சுமார் 25 டன்தான். அவை திருவள்ளூர் மாவட்டம் வெங்கலில் இருந்து ரோடு வழியாகவே தூத்துக்குடிக்கு வந்தவை.

இவ்வளவு நீள வண்டி திரும்ப வேண்டும் என்றால் முன் சக்கரம் மட்டும் திரும்பினால் போதாது. பின் சக்கரங்களும் தனியாகத் திரும்பும். முன்னால் டிரைவர் ஓட்ட, பின்னால் இன்னொருவர் நடந்தபடி ரிமோட்டில் பின் சக்கரங்களைத் திருப்புவார். இருவரும் வயர்லெசில் பேசிக்கொண்டே இருப்பார்கள். தலை இடது பக்கம் போகும்போது வால் வலது பக்கம் வீசும். அந்த வீச்சில் நிற்கிறவனுக்குத்தான் ஆபத்து.

டிரான்ஸ்பார்மர் இதற்கு நேர் மாறு. நீளம் பெரிதாக இல்லை. எடைதான் நூற்றுக்கணக்கான டன். அதற்கு வளைவைவிடப் பாலம்தான் எமன்.

நீளமும் எடையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடே பார்த்தது. திருவண்ணாமலை மாவட்டம் வந்தவாசி அருகே கொரக்கோட்டையில் இருந்து பெங்களூரு ஈஜிபுராவுக்குப் புறப்பட்ட பெருமாள் சிலையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 64 அடி பாறை, 300 டன்னுக்கு மேல் எடை, 240 சக்கர லாரி. 2018 டிசம்பரில் கிளம்பியது. பஸ்சில் போனால் ஒரே நாளில் போய்விடும் தூரம். பெங்களூரு போய்ச் சேர 2019 ஜூன் ஆகிவிட்டது.

டயர்கள் வெடித்தன. ஊர்களுக்குள் லாரி நுழைய கடைகள், வீடுகளின் முன்பகுதிகளை இடிக்க வேண்டி வந்தது. கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் ஆற்றுப் பாலங்கள் தாங்குமா என்ற கேள்வி வந்து, பாலத்துக்குப் பக்கத்திலேயே ஆற்றுக்குள் தற்காலிக மண் ரோடு போட்டு வண்டியை இறக்கி ஏற்றினார்கள். வழியெல்லாம் ஜனங்கள் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார்கள். அதே வழியில் கடை முன்பகுதியை இழந்தவர்களும் இருந்தார்கள். கிளம்பும் முன்பே முழு வழியையும் அளந்து பார்க்க வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டியது இல்லை.

ரோடே வேண்டாம் என்று கடல் வழியாகக் கொண்டு போகும் சரக்கும் உண்டு. கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கான பெரிய கருவிகள் தூத்துக்குடியில் இருந்து மிதவைக் கப்பலில் போகின்றன. அதிலும் சோதனை வராமல் இல்லை. 2023 செப்டம்பரில் நீராவி உற்பத்திக் கலன்களை ஏற்றிச் சென்ற மிதவை, கூடங்குளம் அருகே பாறையில் தட்டி நின்றது.

மீறினால் அபராதம் எவ்வளவு?

மோட்டார் வாகனச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்ட பிறகு அபராதம் எகிறிவிட்டது. முன்பு ஓவர்லோடுக்கு 2 ஆயிரம் ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் ரூபாயும் இருந்தது. திருத்திய 194-வது பிரிவின்படி 20 ஆயிரம் ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2 ஆயிரம் ரூபாய்.

ஐந்து டன் கூடுதலாக ஏற்றினால் 20 ஆயிரமும் 10 ஆயிரமும் சேர்த்து 30 ஆயிரம் ரூபாய். அதோடு முடியாது. கூடுதல் சரக்கை அங்கேயே இறக்க வேண்டும். இறக்கும் கூலியும் உங்கள் தலையில்தான். இறக்கும்வரை வண்டி நகராது.

சரக்கு பக்கவாட்டிலோ, முன்னாலோ, பின்னாலோ, உயரத்திலோ வரம்பை மீறி நீட்டிக்கொண்டு இருந்தால் 20 ஆயிரம் ரூபாய். முறையான விதிவிலக்கு வாங்கி இருந்தால் இது பொருந்தாது. எடை போட நிறுத்தச் சொல்லியும் நிற்காமல் போனாலோ, எடை போட மறுத்தாலோ, எடை போடும் முன்பே சரக்கை இறக்கினாலோ 40 ஆயிரம் ரூபாய். ஓவர்லோடு அபராதத்துக்குப் பயந்து ஓடினால் அதைவிடக் கூடுதலாகக் கட்ட நேரிடும்.

டிரைவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

பிடிபட்டால் முதலாளி போனை எடுக்க மாட்டார், டிரைவர்தான் நிற்க வேண்டும் என்பது லாரி உலகத்தின் பழைய புலம்பல். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஓட்டியவர் மட்டும் இல்லை, ஓட்ட வைத்தவரும், ஓட்ட அனுமதித்தவரும் பொறுப்பு என்றுதான் 194-வது பிரிவு சொல்கிறது. 113-வது பிரிவில் இன்னும் ஒன்று இருக்கிறது. எடை மீறி ஓட்டிய டிரைவர் வண்டியின் சொந்தக்காரர் இல்லை என்றால், சொந்தக்காரருக்குத் தெரிந்தே அல்லது அவர் உத்தரவின்படியே அது நடந்தது என்று கோர்ட்டு கருதிக்கொள்ளலாம்.

அதனால் லோடு ஏற்றும் இடத்திலேயே எடைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அனுமதிக் கடிதத்தின் நகல் கேபினில் இருக்க வேண்டும். அதில் உள்ள வண்டி நம்பர், வழி, தேதி மூன்றும் சரிதானா என்று கிளம்பும் முன் பாருங்கள். தேதி முடிந்த கடிதத்தோடு ஓட்டச் சொன்னால், சொன்னது யார் என்பதற்கு ஒரு மெசேஜாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அதுதான் பேசும்.

நம்ம சுவரை இடித்துவிட்டால்?

ராட்சத லாரி உரசிச் சுவர் விழுந்தாலோ, கடைக் கூரை பிய்ந்தாலோ, எஸ்கார்ட் ஆட்கள் கையில் திணிக்கும் பணத்தோடு விஷயத்தை முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முதல் வேலையாக லாரி நம்பர் தெரியும்படி செல்போனில் படம் எடுங்கள். இழுவை வண்டிக்கு ஒரு நம்பர், டிரெய்லருக்கு ஒரு நம்பர் இருக்கும். இரண்டையும் எடுங்கள். போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

எல்லா லாரிக்கும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். ஆள் அடிபட்டால் மட்டும் இல்லை, சொத்து சேதத்துக்கும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு கொடுக்க வேண்டும் என்று சட்டத் திருத்தம் சொல்கிறது. அதனால் ஆறப்போடாதீர்கள்.

ரோட்டில் எதிரே வந்தால்...

கடைசியாக, தினமும் பைக்கில் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு.

எஸ்கார்ட் ஜீப்புக்கும் லாரிக்கும் நடுவே புகாதீர்கள். அந்த இடைவெளி சும்மா விட்டது இல்லை, லாரி திரும்புவதற்கு விட்டது. வளைவில் முந்தாதீர்கள். லாரி உங்களை விட்டு விலகிப் போவது போலத் தெரியும் அந்த நொடியில்தான் வால் உங்கள் பக்கம் வரும். இறக்கைக்குக் கீழே குனிந்து போய்விடலாம் என்று பார்க்காதீர்கள். ரோட்டில் ஒரு பள்ளம் வந்தால் நுனி ஓரிரு அடி ஆடும்.

கேபினில் இருக்கும் டிரைவருக்கு அத்தனை அடி தூரத்தில் பின்னால் இருக்கும் பைக் கண்ணாடியில் தெரியவே தெரியாது. விசில் அடிப்பவர் கையைக் காட்டினால் நில்லுங்கள். அவர்தான் அந்த நேரத்தில் டிரைவருக்குக் கண். பின்னால் ஆம்புலன்ஸ் வந்தால் எஸ்கார்ட் ஆட்களிடம் ஓடிப்போய்ச் சொல்லுங்கள். லாரியை ஓரம் கட்டி வழிவிட வேண்டியது அவர்கள் பொறுப்பு. தேசிய நெடுஞ்சாலையில் கவனிப்பார் இல்லாமல் வண்டி ஆபத்தாக நின்றால் 1033-க்கு போன் செய்யலாம்.

அந்த லாரியோடு வருகிறவர்களும் கூலிக்கு வந்தவர்கள்தான். வீட்டை விட்டுப் பல நாள் ஆகி இருக்கும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் பாலத்தோடு பாலமாக நடந்தே வந்திருப்பார்கள். அவர்கள் கையைக் காட்டுவது உங்களை மறிக்க இல்லை, வீடு போய்ச் சேர வைக்க.

காவல்கிணறு விலக்கில் அந்த இறக்கை ஒருவழியாகத் திரும்பி முடிக்கிறது. விசில் சத்தம் நிற்கிறது. பஸ் கிளம்புகிறது. மொத்தம் நின்றது கால் மணி நேரம்.